அரட்டைக்கும் கற்றலுக்கும் நடுவே

வளரிளம் பிள்ளைகள் கணினியிலும் கைப்பேசியிலும் அப்படி என்னதான் செய்கிறார்கள் என்று கேட்கும் பெரியவர்களில் பலர் பதிலை முன்பே முடிவுசெய்துவிட்டுத்தான் கேட்கிறார்கள். பொழுதை வீணாக்குகிறார்கள் என்பதே அந்தப் பதில். அமெரிக்காவில் 2005இல் தொடங்கிய ஓர் ஆய்வு அதே கேள்வியை முன்முடிவு இல்லாமல் கேட்டது. மிமி இட்டோ என்ற பண்பாட்டு மானிடவியலாளரும் கலிபோர்னியாவின் பல்கலைக்கழகங்களைச் சேர்ந்த அவருடைய சக ஆய்வாளர்களும், மெக்ஆர்தர் அறக்கட்டளையின் நிதியுதவியோடு மூன்றாண்டுகள் இதற்காக உழைத்தார்கள். 800க்கும் மேற்பட்ட இளையோரிடம் பேசினார்கள். இணையத்தில் அவர்கள் புழங்கும் இடங்களை மட்டும் 5,000 மணி நேரத்துக்கும் மேலாகக் கவனித்தார்கள். 2008 நவம்பரில் வெளிவந்த அறிக்கை, பிள்ளைகள் டிஜிட்டல் ஊடகங்களில் மூன்று விதமாக இருக்கிறார்கள் என்றது. முதலாவது, நண்பர்களோடு சும்மா கூடியிருப்பது: அரட்டை, கேலி, படப் பரிமாற்றம், பள்ளியில் யாருக்கும் யாருக்கும் சண்டை என்ற செய்தி. இரண்டாவது, நோண்டிப் பார்ப்பது: ஒரு மென்பொருளையோ விளையாட்டையோ இப்படி மாற்றினால் என்ன ஆகும், அப்படித் திருப்பினால் என்ன ஆகும் என்று குறிக்கோள் ஏதுமின்றித் துழாவுவது. மூன்றாவது, ஏதேனும் ஒன்றில் ஊறிப்போவது: அனிமே படத்துக்கு வசன வரி எழுதுவதோ, இசை அமைப்பதோ, நிரல் எழுதுவதோ எதுவானாலும் அதில் தேர்ந்தவர்களோடு சேர்ந்து தானும் தேர்வது. பெற்றோர் வீண் என்று கருதுவது முதலாவதை. பெருமையோடு ஊராருக்குச் சொல்வது மூன்றாவதை. இரண்டுக்கும் நடுவில் உள்ள நோண்டலை யாரும் கண்டுகொள்வதில்லை. இளையோரின் டிஜிட்டல் வாழ்க்கை குறித்து இன்று நடக்கும் விவாதம் முழுவதும் அந்த நடுக்கட்டத்தைத் தவறவிடுகிறது என்பதும், அதைப் பாதுகாப்பதே பெரியவர்களின் முதல் வேலை என்பதும் என் வாதம்.

முதலில் அரட்டையை எடுத்துக்கொள்வோம். இட்டோவின் குழுவில் இருந்த டானா பாய்ட், அமெரிக்கப் பதின்பருவத்தினரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து ஆராய்ந்து 2014இல் ஒரு நூல் எழுதினார். பிள்ளைகள் கருவிக்கு அடிமையாகவில்லை, நண்பர்களை நாடிப் போகிறார்கள் என்பதே அவர் கண்டது. இணையத்தில் அவர்கள் பெரும்பாலும் பேசுவது முன்பின் தெரியாதவர்களோடு அல்ல. அன்று காலை வகுப்பில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்களோடுதான். அப்படியானால் நேரில் சந்தித்துப் பேசலாமே என்று கேட்கத் தோன்றும். அதற்கான விடை அமெரிக்க நகரங்களின் அமைப்பிலும் சட்டங்களிலும் இருக்கிறது. மின்னசோட்டாவில் உள்ள மால் ஆஃப் அமெரிக்கா என்ற பிரம்மாண்டமான வணிக வளாகம் 1996இலேயே ஒரு விதி கொண்டுவந்தது. வெள்ளி, சனி மாலைகளில் 16 வயது நிரம்பாதவர்கள் பெரியவர் துணையின்றி அங்கே வரக் கூடாது. அதே காலத்தில் பல நகரங்கள் பதின்பருவத்தினருக்கு இரவு ஊரடங்கு விதித்தன. கார் இல்லாமல் எங்கும் போக முடியாத புறநகரங்கள், பிள்ளையைத் தனியே வெளியே அனுப்ப அஞ்சும் பெற்றோர், பள்ளி முடிந்ததும் வரிசையாகக் காத்திருக்கும் பயிற்சி வகுப்புகள் ஆகியவையும் சேர்ந்துகொண்டன. தெருமுனையும் மைதானமும் கடைவீதியும் கைவிட்டுப் போன ஒரு தலைமுறை, கூடுவதற்குக் கிடைத்த இடத்தில் கூடியது. அந்த இடம் திரைக்குள் இருந்தது. மூடிய கதவுகளில் பலவற்றை மூடியவர்கள் பெரியவர்களே என்பதை மறந்துவிட்டுப் பிள்ளைகளைக் குறை சொல்வது நியாயமாகாது.

இப்படிக் கூடியிருப்பதில் கல்வி எங்கே வருகிறது? மைஸ்பேஸ் என்ற தளம் இதற்கு நல்ல சான்று. 2003இல் தொடங்கி, இட்டோவின் ஆய்வு நடந்த ஆண்டுகளில் அமெரிக்கப் பதின்பருவத்தினரின் பெரும் கூடுமிடமாக இருந்தது அது. பயனர்கள் தங்கள் பக்கத்தில், வலைப்பக்கங்களை எழுதப் பயன்படும் எச்டிஎம்எல் நிரலை ஒட்டுவதை அந்தத் தளம் தடுக்கவில்லை. பிள்ளைகள் அதைக் கண்டுபிடித்துவிட்டார்கள். தோழியின் பக்கத்தைவிடத் தன் பக்கம் அழகாக இருக்க வேண்டும் என்ற ஆசையில், வேறெங்கோ கிடைத்த நிரல் துண்டை எடுத்து ஒட்டினார்கள். பின்னணி நிறம் பிடிக்கவில்லை; நிரலுக்குள் அந்த நிறத்தைக் குறிக்கும் இடம் எது என்று தேடி மாற்றினார்கள். பக்கம் உடைந்து கோணலாக நின்றது. எதைத் தொட்டதால் உடைந்தது என்று நண்பனைக் கேட்டுத் திரும்பச் சரிசெய்தார்கள். கணினி அறிவியல் பாடம் படிக்கிறோம் என்று அவர்களில் யாரும் நினைக்கவில்லை. ஆனால் வலைப்பக்கம் என்பது யாரோ எழுதிவைத்த கட்டளைகளின் தொகுப்பு, அதை நாமும் திருத்தலாம் என்ற பெரிய உண்மை அவர்கள் விரல்களுக்குப் பழகிவிட்டது. நோண்டலின் பயன் இதுதான். அதற்குத் தேர்வு கிடையாது, தவறினால் மதிப்பெண் குறையாது, நிறுத்த வேண்டுமென்றால் எந்த நிமிடமும் நிறுத்தலாம். தவறு செய்வதற்கு விலை இல்லாத இடத்தில்தான் மனிதர்கள் துணிந்து முயல்கிறார்கள். பள்ளிக்கூடங்களால் எளிதில் தர முடியாத சூழல் அது.

அதே துணிச்சலைத் திட்டமிட்டு வளர்க்க முடியும் என்பதற்கு ஸ்க்ராட்ச் ஓர் எடுத்துக்காட்டு. எம்.ஐ.டி. ஊடக ஆய்வகத்தில் மிட்செல் ரெஸ்னிக் தலைமையில் உருவாகி 2007இல் பொதுமக்களுக்கு வந்த நிரல் மொழி அது. வண்ணக் கட்டளைக் கட்டைகளை ஒன்றோடொன்று கோத்துக் குழந்தைகள் விளையாட்டும் கதையும் செய்யலாம். அதன் உயிர் மொழியில் மட்டும் இல்லை, அதைச் சுற்றியுள்ள கூட்டத்தில் இருக்கிறது. ஒரு சிறுமி செய்த விளையாட்டை யார் வேண்டுமானாலும் திறந்து, உள்ளே இருக்கும் நிரலைப் பார்த்து, மாற்றித் தன் வடிவமாக வெளியிடலாம். விளைவு, என் வேலையைத் திருடிவிட்டான் என்ற புகார்கள். மாற்றி வெளியிட்ட ஒவ்வொன்றின் கீழும் மூலத்தைச் செய்தவரின் பெயர் தானாகவே வருமாறு தளத்தை அமைத்தார்கள். புகார் அப்போதும் நிற்கவில்லை. ஆய்வாளர்கள் விசாரித்தபோது பிள்ளைகள் தெளிவாக விடை சொன்னார்கள்: கணினி போடும் பெயர் நன்றி ஆகாது, எடுத்தவர் தன் கையால் எழுதினால்தான் நன்றி. ஆக்கத்துக்கு உரியவர் யார், கடன்பட்டவர் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்ற அறநெறிப் பாடம் இது. பத்துப் பன்னிரண்டு வயதில், தமக்குள் சண்டையிட்டுக்கொண்டே அதைக் கற்றார்கள். பழகுவதும் கற்பதும் இரண்டு வேறு செயல்கள் என்று பிரித்துப் பார்ப்பவர்களுக்கு இந்தக் காட்சி பிடிபடாது.

மூன்றாம் நிலையான ஊறிப்போதல் எவ்வளவு தூரம் கொண்டுபோகும் என்பதை ரெபெக்கா பிளாக் என்ற கல்வி ஆய்வாளர் காட்டினார். தமக்குப் பிடித்த கதைகளின் பாத்திரங்களை வைத்து வாசகர்களே புதுக் கதை எழுதிப் பகிரும் ஒரு தளத்தை அவர் ஆராய்ந்தார். 2008இல் அது நூலாக வந்தது. அவர் கவனித்தவர்களில் ஒரு சிறுமி, 11 வயதில் சீனாவிலிருந்து கனடாவுக்குக் குடிபெயர்ந்தவள். வந்தபோது ஆங்கிலம் தெரியாது. சில ஆண்டுகளில் அதே மொழியில் அனிமே பாத்திரங்களைக் கொண்டு கதை எழுதத் தொடங்கினாள். ஆங்கிலம் தன் தாய்மொழி இல்லை, பிழை இருந்தால் சொல்லுங்கள் என்று வாசகர்களுக்குக் குறிப்பு எழுதினாள். அவர்கள் பிழையைச் சொன்னார்கள். அதைவிட முக்கியமாக, அடுத்த அத்தியாயம் எப்போது வரும் என்று கேட்டார்கள். அவளுக்கு ஆயிரக்கணக்கான பின்னூட்டங்கள் குவிந்தன. ஒரு வகுப்பறையில் அதே சிறுமியின் கட்டுரையை வாசிப்பது ஓர் ஆசிரியர் மட்டுமே; அவரும் மதிப்பெண் போடுவதற்காக வாசிப்பார். கதை என்ன ஆகும் என்று அறியத் துடிக்கும் வாசகர் கிடைத்த பிறகு எழுத்தின் நோக்கமே மாறிவிடுகிறது. இலக்கணம் அங்கே தண்டனையாக இல்லாமல், வாசகரை இழக்காமல் இருப்பதற்கான கருவியாகிறது. ஆசிரியர்களைக் குறைத்துச் சொல்ல இதைக் குறிப்பிடவில்லை. உண்மையான வாசகர், உண்மையான பயன், தன்னைவிடச் சற்று முன்னே போனவரின் வழிகாட்டல் ஆகியவை ஒன்றுகூடும்போது கற்றல் எப்படிப் பற்றிக்கொள்கிறது என்பதற்கு இது சான்று.

இங்கே முதல் மறுப்பு எழும், எழ வேண்டும். கதை எழுதும் அந்தச் சிறுமி ஆயிரத்தில் ஒருத்தி. மற்றவர்கள் வெறுமனே பார்த்துக்கொண்டுதானே இருக்கிறார்கள்? மறுப்பு சரியானது. மூன்றாம் நிலையை எட்டுபவர்கள் சிறுபான்மையினர் என்பதை இட்டோவின் ஆய்வும் மறைக்கவில்லை. எட்டுவது யார் என்பதும் தற்செயலாக முடிவாவதில்லை. வீட்டில் நல்ல கணினி, தடையற்ற இணையம், கொஞ்சம் ஓய்வு நேரம், நீ செய்ததைக் காட்டு என்று கேட்கும் அண்ணனோ மாமாவோ இருக்கும் பிள்ளைக்குப் பாதை தானாக அமைகிறது. நூலகத்தில் அரை மணி நேரம் வரிசையில் நின்று கணினி கிடைக்கும் பிள்ளைக்கு நோண்டிப் பார்க்க நேரம் ஏது? ஊடக ஆய்வாளர் ஹென்றி ஜென்கின்ஸ் 2006இல் எழுதிய அறிக்கையில் இதைப் பங்கேற்பின் இடைவெளி என்றார்: கருவி எல்லார் கைக்கும் வந்துவிட்டாலும், அதைக் கொண்டு உருவாக்கவும் சேரவும் கிடைக்கும் வாய்ப்பு எல்லாருக்கும் வருவதில்லை. ஆகவே மிகச் சிலரே ஏறுகிறார்கள் என்பது பாதையே பயனற்றது என்று காட்டவில்லை. படிகள் உடைந்து கிடக்கின்றன என்றுதான் காட்டுகிறது.

உடைந்த படியைக் கட்ட முடியும் என்பதற்குச் சிகாகோ நகரம் சான்று. நகரின் மையத்தில் உள்ள ஹெரால்ட் வாஷிங்டன் நூலகத்தில் 2009இல் பதின்பருவத்தினருக்கென்றே யூமீடியா என்ற கூடம் திறக்கப்பட்டது. இட்டோ குழு சொன்ன மூன்று நிலைகளையே வைத்து இடத்தை அமைத்தார்கள்: சாய்ந்து உட்கார்ந்து பேசவும் சாப்பிடவும் ஒரு பகுதி, விசைப்பலகையையும் கேமராவையும் எடுத்து விளையாட ஒரு பகுதி, ஒலிப்பதிவும் தீவிரப் பணியும் நடக்க ஒரு பகுதி. இசையும் கவிதையும் வடிவமைப்பும் தெரிந்த பெரியவர்கள் அங்கேயே இருந்தார்கள். வகுப்பு எடுப்பதற்காக அல்ல, கேட்டால் சொல்லிக்கொடுப்பதற்கு. யாரும் எதிலும் சேர வேண்டிய கட்டாயம் இல்லை. நண்பனோடு அரட்டையடிக்க வந்தவன் பக்கத்தில் ஒலிவாங்கி முன்னால் யாரோ பாடுவதைப் பார்த்து எழுந்து போவான் என்பதே அந்த இடத்தின் நம்பிக்கை. பின்னாளில் சான்ஸ் த ராப்பர் என்று புகழ்பெற்ற பாடகர் பள்ளிப் பருவத்தில் அந்தக் கூடத்துக்கு வந்துபோனவர்களில் ஒருவர். 2017இல் சிறந்த ராப் இசைத்தொகுப்புக்கான கிராமி விருது பெற்றார். புகழ் பெறாத மற்றவர்களுக்கும் அந்த இடம் அதே அளவு தேவைப்பட்டது. இப்படி ஒரு கூடம் அமைக்கப் பெரிய தொழில்நுட்பம் வேண்டாம். பிள்ளைகள் சும்மா இருப்பதைப் பொறுத்துக்கொள்ளும் மனம் வேண்டும். கிடைப்பதற்கு அரியது அதுதான்.

இரண்டாவது மறுப்பு இன்னும் கனமானது. இட்டோ பார்த்த உலகம் வேறு, இன்றைய உலகம் வேறு என்கிறார்கள். உண்மை. அன்று முகநூலிலும் மைஸ்பேஸிலும் நண்பர்கள் எழுதியதைப் பிள்ளைகள் பார்த்தார்கள்; இன்று அல்காரிதம் பொறுக்கித் தருவதைப் பார்க்கிறார்கள். முகநூலையும் இன்ஸ்டாகிராமையும் நடத்தும் மெட்டா நிறுவனத்தின் மேல் அமெரிக்க அரசு தொடுத்த ஏகபோக வழக்கில் 2025இல் ஒரு கணக்கு வெளிவந்தது. முகநூலில் செலவாகும் நேரத்தில் நண்பர்களின் பதிவுகளைப் பார்ப்பது 17 விழுக்காடுதான்; இன்ஸ்டாகிராமில் 7 விழுக்காடு. நிறுவனமே தன் தரப்பில் எடுத்துவைத்த எண்கள் இவை. நண்பர்களைச் சேர்ப்பதாகச் சொல்லி வளர்ந்த தளங்கள், முடிவில்லாத தொலைக்காட்சியாகிவிட்டன. அன்றைய பக்கத்தில் நிரலைத் தொட முடிந்தது. இன்றைய செயலியில் விரலால் தள்ளத்தான் முடியும். எதையும் உடைத்துப் பார்க்க வழியில்லை. ஆனால் இந்த மாற்றம் என் வாதத்தைப் பலவீனப்படுத்தவில்லை, அதன் அவசரத்தைக் கூட்டுகிறது. பிள்ளைகளின் இயல்பு மாறவில்லை. கூடுவதற்கும் நோண்டுவதற்கும் அவர்களுக்கு இருந்த இடத்தை நிறுவனங்கள் பார்ப்பதற்கான இடமாக மாற்றிவிட்டன. குற்றம் எங்கே என்று தெரிந்தால்தான் மருந்தும் சரியாக இருக்கும்.

மனநலத்தைப் பற்றிப் பேசாமல் இந்தக் கட்டுரையை நகர்த்த முடியாது. 2024இல் சமூக உளவியலாளர் ஜோனதன் ஹைட் எழுதிய நூல், 2010க்குப் பிறகு ஸ்மார்ட்போனும் சமூக ஊடகமும் ஒரு தலைமுறையின் குழந்தைப் பருவத்தையே மாற்றி, மனச்சோர்வையும் பதற்றத்தையும் பெருக்கிவிட்டன என்கிறது. எமி ஆர்பன், ஆண்ட்ரூ ஷிபில்ஸ்கி என்ற இரு ஆய்வாளர்கள் 3,55,000க்கும் மேற்பட்ட வளரிளம் பருவத்தினரின் தரவுகளை ஆராய்ந்து 2019இல் வெளியிட்ட முடிவு வேறு: பிள்ளைகளின் மனநலனில் காணப்படும் வேறுபாட்டில் டிஜிட்டல் பயன்பாடு விளக்குவது அதிகபட்சம் 0.4 விழுக்காடு. இரண்டையும் படிப்பவருக்குக் குழப்பம் வரும். என் மதிப்பீடு இது: சராசரி விளைவு எவ்வளவு சிறியதாக இருந்தாலும், சில பிள்ளைகளுக்கு, சில தளங்களில், தீங்கு பெரியது. தங்கள் உடலைப் பற்றி மனம் நொந்திருந்த வேளையில் இன்ஸ்டாகிராம் அந்த வேதனையைக் கூட்டியதாகப் பதின்பருவப் பெண்களில் 32 விழுக்காட்டினர் சொன்னதாக அந்நிறுவனத்தின் உள் ஆய்வே குறித்திருந்தது. 2021இல் அது அம்பலமானது. இதை லேசாக எடுத்துக்கொள்ள யாருக்கும் உரிமை இல்லை. ஆனால் அந்தத் தீங்கு பிறருடைய மெருகேற்றப்பட்ட உடல்களைப் பார்த்துக்கொண்டே இருப்பதில் விளைகிறது. கதை எழுதித் திருத்தம் வாங்குவதில் விளையவில்லை. இரண்டையும் திரைநேரம் என்ற ஒரே தராசில் நிறுத்தால் எடை சரியாக வராது. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பிள்ளைகளை நிஜ உலகில் அளவுக்கு மீறிக் காத்தோம், இணையத்தில் காக்கத் தவறினோம் என்பதும் ஹைட்டின் வாதம். வெளியில் கூடவும் விளையாடவும் விடுங்கள் என்பதில் அவரும் டானா பாய்டும் ஒரே பக்கம் நிற்கிறார்கள். எதிரெதிர் முகாம்கள் என்று பேசப்படும் இருவர் ஒத்துப்போகும் இந்த இடத்தில்தான் வேலை தொடங்க வேண்டும்.

அரசுகளோ எளிதான வழியைத் தேர்ந்திருக்கின்றன. ஆஸ்திரேலியாவில் 2025 டிசம்பர் 10 முதல் 16 வயது நிரம்பாதவர்கள் பெரிய சமூக ஊடகத் தளங்களில் கணக்கு வைத்திருக்க முடியாது. மீறும் நிறுவனத்துக்கு 4.95 கோடி ஆஸ்திரேலிய டாலர் வரை அபராதம். நிறுவனத்தின் மேல் பொறுப்பை வைத்தது நல்ல விஷயம். பெற்றோரின் தவிப்பும் புரிகிறது. ஆனால் விளைவைப் பாருங்கள். யூடியூப் அந்தப் பட்டியலில் உண்டு. கணக்கு இல்லாமலே அதில் காணொளி பார்க்கலாம். ஆகவே 15 வயதுச் சிறுவன் இன்றும் மணிக்கணக்கில் பார்த்துக்கொண்டிருக்கலாம். அவனால் முடியாதது, தான் செய்த காணொளியைப் பதிவேற்றுவதும், வயலின் சொல்லிக்கொடுப்பவரிடம் சந்தேகம் கேட்பதும். செயலற்ற பாதியை விட்டுவைத்து, செயலுள்ள பாதியைத் தடை பறித்துவிடுகிறது. இது புதிய தவறும் அல்ல. பள்ளிகளிலும் நூலகங்களிலும் சமூகத் தளங்களை முடக்கும் மசோதா ஒன்றை அமெரிக்க நாடாளுமன்றத்தின் கீழவை 2006இலேயே 410க்கு 15 என்ற வாக்குக் கணக்கில் நிறைவேற்றியது. மேலவையில் அது நிறைவேறாமல் போனது. சட்டமாகியிருந்தால், வீட்டில் கணினி இல்லாத பிள்ளைகளே முதலில் வெளியே நின்றிருப்பார்கள். வயதை வைத்துக் கதவடைப்பதைவிட, முடிவில்லாமல் ஓடும் காணொளி ஊட்டத்தையும், தானாக அடுத்தது ஓடுவதையும், நள்ளிரவு அறிவிப்புகளையும் பதின்பருவத்தினரின் கணக்குகளில் தடுக்குமாறு நிறுவனங்களைக் கட்டாயப்படுத்துவது கடினமான வழி. சரியான வழியும் அதுவே.

சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டாத வேலையும் இருக்கிறது. அது பெற்றோர், ஆசிரியர், நூலகர் கையில் உள்ளது. உங்கள் பிள்ளை திரையில் எத்தனை மணி நேரம் இருந்தான் என்று கணக்குப் பார்க்குமுன், அங்கே யாரோடு இருந்தான், எதைத் தொட்டு மாற்றிப் பார்த்தான் என்று கேளுங்கள். விளையாட்டில் ஒரு கட்டடம் எழுப்பியிருந்தால் எப்படி எழுப்பினாய் என்று காட்டச் சொல்லுங்கள். புரியாவிட்டால் புரியவில்லை என்று சொல்லுங்கள், அவன் விளக்குவான். வெறுமனே பார்த்துக்கொண்டே இருக்கிறாள் என்று தெரிந்தால், போனைப் பிடுங்குவதோடு நிறுத்தாமல், அவளுக்குப் பிடித்ததைச் செய்யத் தெரிந்த ஒருவரை அறிமுகப்படுத்துங்கள். மாலையில் நண்பர்களோடு வெளியே கூட ஓர் இடமும், அதற்கான அனுமதியும் கொடுங்கள். இதற்கெல்லாம் பெரியவர்கள் கொடுக்க வேண்டியது நேரம். செயலி எதுவும் அதை நமக்காகக் கொடுக்காது.